தேனீ எந்தப் பூவை நாடும்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் மார்கழி மாதத்துக் காலை வேளையில் நடந்து போகிறவனுக்கு, ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதைக்கப்பட்ட மல்லி முழங்கால் உயரம் வளர்ந்து, வெண்மையோடு இளஞ்சிவப்பு இழையோடிய பூக்களை ஏக்கர் கணக்கில் விரித்துக் கிடக்கும் காட்சி கண்ணில் படுவதற்கு முன்பே, அதன் மேலிருந்து எழும் ரீங்காரம் காதில் விழுந்துவிடும். இவ்வட்டாரத்தில் மல்லி என்று சொன்னால் கொத்தமல்லிதான். விதைக்காக வளர்க்கிற இந்தப் பயிர், குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற சில நாட்களைத் தவிர வேறு நீர்ப்பெருக்கை அறியாத இந்த வானம் பார்த்த பூமியில், பனி ஈரத்தையும் கரிசல் மண் தன் வயிற்றில் தேக்கி வைத்திருக்கும் ஈரத்தையும் கொண்டே காய்த்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு மல்லிக்காட்டின் வரப்பில், காலை பத்து மணி சுமாருக்கு நான் நின்றுகொண்டிருந்தபோது, காட்டுக்குச் சொந்தக்காரியான மூதாட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏந்தம்பி, இம்புட்டு ஈயும் இந்த மல்லியிலேயே கெடக்குதே, அந்தா கிணத்தடியில பூசணிப்பூ அம்புட்டுப் பெருசா விரிஞ்சு கெடக்கு, கத்தரியும் பூத்திருக்கு. அதுகள ஒண்ணுகூட எட்டிப் பார்க்க மாட்டேங்குதே, என்ன காரணம்?"

"நீங்க விடியக்காலையில வந்து பார்த்திருக்கீங்களா, ஆத்தா?" என்று கேட்டேன். அந்நேரத்தில் மாட்டைக் கவனிக்கவே பொழுது சரியாக இருக்கிறது என்றார். அவருடைய கேள்வி சாமானியமானதன்று. ஒரு ஜீவராசி தன் ஆகாரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்ற பெரிய விஷயம் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவின் மகா பண்டிதர்கள் சிலர் தங்கள் ஆயுளையே அதற்குச் செலவிட்டிருக்கிறார்கள்.

முதலில் இந்தப் பூமியில் பறக்கும் தேனீக்கள் யாவை என்று சொல்லிவிடுகிறேன். மரப்பொந்திலும் சுவரின் பிளவிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டி வாழ்வது அடுக்குத் தேனீ; பெட்டியில் வைத்து வளர்ப்பதற்கு இசைந்த நாட்டுத் தேனீ இதுவே. புதரின் கிளையில் உள்ளங்கை அளவுக்கு ஒரே அடை கட்டுவது கொம்புத் தேனீ. உயர்ந்த மரங்களிலும் நீர்த்தொட்டிகளின் அடியிலும் கறுப்புத் திரை தொங்கவிட்டாற்போலப் பெரிய அடை கட்டுவது மலைத் தேனீ. கொட்டத் தெரியாத கொசுத் தேனீ சுவர்ப் பொந்துகளில் பிசினால் வாசல் அமைத்துக் குடியிருக்கிறது. மல்லிக்காட்டில் அன்று நான் கண்டவற்றில் பெரும்பாலானவை கொம்புத் தேனீக்கள். உருவத்தில் சிறியவையாகவும் நாக்குக் குட்டையானவையாகவும் உள்ள இவற்றுக்கு, மல்லிப் பூவைப்போல வாட்டமான பூ வேறில்லை.

தேனீ நிறத்தைக் கண்டுதான் பூவை நாடுகிறது என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1912-ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானி, பலவிதச் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மேல் சர்க்கரைக் கரைசலை ஊற்றித் தேனீக்களைப் பழக்கினார். பின்பு கரைசலை எடுத்துவிட்டபோதும், அட்டைகளை எப்படி இடம் மாற்றி வைத்தபோதும், அவை நீல அட்டையையே தேடி வந்தன. தேனீக்கு நிறம் தெரியும் என்பது இவ்விதம் நிரூபணமாயிற்று. ஆனால் அதன் உலகம் நம்முடையதன்று. சிவப்பு அதற்கு இருளாகத் தோன்றும். நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளி அதற்கு ஒரு தனி நிறம். சூரியகாந்தியின் இதழை நாம் ஒரே மஞ்சளாகக் காண்கிறோம். தேனீயின் கண்ணுக்கோ இதழின் நுனி ஒரு நிறமாகவும் அடி வேறு நிறமாகவும் தெரிந்து, நடுவில் உள்ள மதுவுக்கு வழி காட்டும் வட்டமாக விளங்குகிறது.

ஆயினும் நிறமும் மணமும் கடைவாசலில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றவையே. உள்ளே சரக்கு இருக்கிறதா, என்ன தரம், என்ன விலை என்பதை அறிந்த பிறகுதான் தேனீ வாடிக்கையாகிறது. விலை என்று நான் சொல்வது, அந்த மதுவை எடுத்துவர அது செலவிடும் நேரத்தையும் சக்தியையும். மதுவில் நூற்றுக்கு 20 பங்கு சர்க்கரை இருந்தால், 1 கிலோ தேன் ஆக்குவதற்குக் கூட்டுக்கு 4 கிலோ மது வேண்டும். 3 கிலோ தண்ணீரைச் சிறகால் விசிறி ஆவியாக்கவும் வேண்டும். அதே மதுவில் 40 பங்கு சர்க்கரை இருந்தாலோ, 2 கிலோ மதுவும் 1 கிலோ தண்ணீரை விரட்டும் உழைப்புமே போதும். ஒரு பயணத்தில் சிறிதளவு மட்டுமே சுமக்கக்கூடிய பிராணிக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையாகும். அதனால்தான் மிக நீர்த்த மதுவைத் தேனீ தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகிறது.

இனி மல்லிப் பூவைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஒரு காம்பின் உச்சியிலிருந்து குடைக்கம்பிகளைப்போலப் பல சிறு காம்புகள் பிரிகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் மறுபடியும் ஒரு சின்னஞ்சிறு குடை. அந்தச் சிறு குடையில் வரிசையாகப் பூக்கள். ஓரத்துப் பூக்களின் வெளிப்புற இதழ்கள் மட்டும் பெரிதாக நீண்டு, குடை முழுவதையும் ஒரே பூவெனத் தோன்றச் செய்கின்றன. நகத்தின் நுனியில் அடங்கும் ஒரு பூவின் நடுவே, சூல்தண்டின் அடியில் மெத்தைபோன்ற ஒரு சிறு மேடு உண்டு. அம்மேட்டின்மேல் மது பனித்துளியைப்போல வெளிப்படையாகப் பளபளத்து நிற்கிறது. குழல் இல்லை, மூடி இல்லை, நாக்கை நீட்டி ஆழம் பார்க்க வேண்டிய சிரமம் இல்லை. ஒரு பூவில் கிடைப்பது அற்பமே. ஆனால் சிறகை விரிக்காமலே அடுத்த பூவுக்கு நடந்து போகலாம். நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு கொம்புத் தேனீ, ஒரே குடையின்மேல் வட்டமாக நடந்து, பூவுக்கு ஒரு க்ஷணமாக நக்கிவிட்டு, ஒரு முறைகூடப் பறக்காமல் குடை முழுவதையும் முடித்த பிறகே, கையெட்டும் தூரத்தில் இருந்த அடுத்த குடைக்குத் தாவிற்று.

இங்கே கரிசல் நாட்டின் சீதோஷ்ணமும் தன் பங்கைச் செய்கிறது. விடியற்காலையில் பனியோடு கலந்து நீர்த்துக் கிடக்கும் மது, வெயில் ஏற ஏற, வறண்ட காற்றுப் படப்பட, நீர் வற்றிக் கெட்டியாகிறது. மூடியில்லாத பாத்திரத்தில் உள்ள பதநீர் அடுப்பின்மேல் சுண்டிப் பாகாவதைப்போல என்று சொல்லலாம். ஆகவே மல்லியின் மது ருசிப்பது காலை ஒன்பது, பத்து மணிக்குமேல். உச்சிப்பொழுது தாண்டினால் அது ஒட்டிக் காய்ந்துபோவதும் உண்டு. நானும் மூதாட்டியும் வரப்பில் நின்றது, அந்தக் காட்டின் சந்தை மும்முரமாக நடக்கும் நேரம்.

பூசணியின் சந்தையோ அதற்கு வெகுமுன்பே கலைந்துவிட்டது. மறுநாள் இருள் பிரியும் முன்பே கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். கிழக்கு வெளுக்கும்போது ஆண்பூ ஒன்று விரிந்திருந்தது. முதலில் வந்த அடுக்குத் தேனீ, பூவின் மடியில் தலைகீழாக இறங்கி, நடுத்தண்டின் அடியில் உள்ள சிறு துவாரங்களில் நாக்கைச் செலுத்தி நெடுநேரம் குடித்தது. மேலே வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சள் பொடி பூசிய கோலம். பூசணியின் மகரந்தம் பெரியது, முள்ளுள்ளது, பிசுபிசுப்பானது. காலில் உருண்டையாகக் கட்டிக்கொள்ளச் சௌகரியப்படாது. ஆகையால் மதுவுக்காக வந்த அந்தத் தேனீ, இலையொன்றின்மேல் உட்கார்ந்து பொடியைத் துடைத்துத் தள்ளிவிட்டுப் போயிற்று. ஆனால் போகிற வழியில் ஒரு பெண்பூவிலும் இறங்கிவிட்டுத்தான் போயிற்று. எட்டரை மணிக்குமேல் வந்த தேனீக்கள் பூவின் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமலே திரும்பின. முன்னே வந்தது தன் பாதத்தின் வாசனையைப் பூவில் விட்டுப்போகிறது. பின்னால் வருவது அதை முகர்ந்து, இங்கே இப்போதுதான் எடுத்தாயிற்று என்று அறிந்துகொள்கிறது. மூதாட்டி பத்து மணிக்குக் கண்டது வற்றிய கிணறு.

இந்த நேரக் கணக்கு தேனீக்கு மனப்பாடம். சுவிட்ஸர்லாந்தில் அகஸ்டே ஃபோரெல் என்ற பெரியவர் வீட்டுக்கு வெளியே அமர்ந்து காலை உணவு உண்ணும்போது, பழப்பாகை நாடித் தேனீக்கள் வந்தன. பாகு வைக்காத நாட்களிலும் அதே நேரத்துக்குத் தவறாமல் வந்தன. ஃபிரிஷின் மாணவியான இங்கேபோர்க் பேலிங், 1929-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில், குறிப்பிட்ட மணிக்கு மட்டும் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பழக்கி, தேனீக்குக் கடிகார ஞானம் உண்டு என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். நம் காட்டில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. கம்பங்கதிர் காற்றினால் கருவுறுவது. அதில் மது ஒரு துளியும் கிடையாது. ஆயினும் விடியற்காலையில் மகரந்தம் உதிரும் நேரத்தில் கதிரைச் சுற்றித் தேனீக்கள் மொய்க்கும். வெயில் ஏறியதும் அங்கே ஒன்றையும் காண முடியாது.

பூசணிக்கு நேரம் காரணமென்றால், கத்தரிக்குக் காரணம் வேறு. கத்தரிப் பூவில் மது சுரப்பதே இல்லை. மகரந்தம் உண்டு, ஆனால் அது பூட்டிய பெட்டியில் இருக்கிறது. மகரந்தப்பையின் நுனியில் ஊசித்துளைபோன்ற வாய் மட்டுமே இருப்பதால், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் வண்டினத்தால்தான் உப்புக் குப்பியைக் குலுக்குவதுபோல அதை உதிர்க்க முடியும். கறுத்துப் பெருத்த மரத்தேனீ — நம் பக்கத்தில் கருவண்டு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள் — இந்த வித்தையில் தேர்ந்தது. பனை விட்டத்தைத் துளைத்துக் குடியிருக்கும் அது, பூவைக் கவ்வியதும் அதன் சப்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறுவதைக் காதால் கேட்கலாம். தேனீக்கு இந்த வித்தை வராது. தக்காளியும் இதே ஜாதி. சாலையோரமெங்கும் பொன்னாகப் பூக்கும் ஆவாரைக்கும் இதே பூட்டுத்தான். அவ்வளவு மஞ்சளுக்கு நடுவிலும் தேனீ அரிதாகவே தென்படுவதற்குக் காரணம் அதுவே.

பருத்தியின் விஷயம் இன்னும் விசித்திரமானது. அதன் மகரந்தத்தைத் தேனீ பெரும்பாலும் விரும்புவதில்லை. மேலே ஒட்டியதையும் உதறித் தள்ளிவிடுகிறது. ஆனால் பருத்தி இலையைத் திருப்பி நடு நரம்பைப் பார்த்தால் அங்கே ஒரு சிறு குழியில் மது சுரந்திருக்கும். பூவைத் தாங்கும் செதில்களிலும் அப்படியே. தேனீ பூவுக்குள் நுழையாமலே இலையடியில் நக்கிவிட்டுப் போய்விடும். எள்ளுப் பூவோ வெண்மணிபோலத் தொங்கி, விடியலில் மலர்ந்து, அந்திக்குள் தானே உதிர்ந்துவிடுவது. தேனீ அதற்குள் முழு உடலையும் நுழைத்து முதுகில் மகரந்தம் பூசிக்கொண்டு பின்னோக்கி வெளியேறும். சூரியகாந்தி ஒரு வட்டில் நூற்றுக்கணக்கான பூக்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நாளுக்குச் சில வரிசைகளாகத் திறந்து, ஒரு வாரத்துக்குக் குறையாமல் விருந்து வைக்கிறது. மணத்தால் பிரசித்தி பெற்ற மல்லிகை தேனீக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாதது: இரவில் மலரவேண்டிய மொட்டை விடியுமுன்பே பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம்.

இவ்வளவையும் ஒவ்வொரு தேனீயும் தனித்தனியே அறிந்து, பூவுக்குப் பூ மாறி மாறிப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பயணத்தில் தேனீ ஒரே ஜாதிப் பூவையே நாடும் என்பதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பூவின் மதுவையும் எடுக்கும் முறை ஒரு தனி வித்தையாதலால், ஒன்றில் கைதேர்ந்தது அதையே தொடர்ந்து செய்வது லாபம். மல்லி மகரந்தம் மல்லிக்கே போய்ச் சேர்வதும் இந்த ஸ்வபாவத்தால்தான். மல்லியில் ஒரு பூவின் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்த பிறகே அதன் சூலகமுடி பக்குவமடையும். ஆகையால் பூவுக்குப் பூ, குடைக்குக் குடை மகரந்தத்தைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும். ஈ மொய்த்த மல்லி நன்றாக மணி பிடிக்கும் என்று கரிசல் விவசாயி சொல்வது அனுபவ சாஸ்திரம்.

தேனீ ஒன்று ஒரே பூவில் நின்றாலும், கூடு முழுவதும் ஒரே பூவில் நிற்பதில்லை. சில மல்லிக்கும், சில கம்புக்கும், சில வரப்புத் தும்பைக்கும் என்று வேலை பிரிந்திருக்கிறது. எந்தப் பூவுக்கு எத்தனை பேர் என்பதை முடிவு செய்யும் முறையை அமெரிக்க விஞ்ஞானியான தாமஸ் சீலி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மது கொண்டுவரும் தேனீ கூட்டுக்குள் நுழைந்ததும், அதை வாங்கிச் சேமிக்கும் தேனீக்கள் உடனே ஓடிவந்து வாங்கிக்கொண்டால், அதற்கு உற்சாகம் பிறந்து நடனமாடி மற்றவற்றையும் அழைக்கும். வெகுநேரம் வாசலில் காத்திருக்க நேர்ந்தால், ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மல்லி மூட்டையோடு கமிஷன் கடைக்குப் போகிற சம்சாரி, இறக்கிய உடனே எடை போட்டார்களா, திண்ணையில் காக்க வைத்தார்களா என்பதிலிருந்தே அன்றைய மார்க்கெட் நிலவரத்தை ஊகிப்பதைப் போன்றது இது. நாம் விருப்பம் என்று சொல்லும் சொல், தனித் தேனீயைவிடக் கூட்டுக்கே பொருந்தும். அதுவும் அன்றாடம் மாறும் விருப்பம். பக்கத்துக் காட்டில் சூரியகாந்தி மலர்ந்துவிட்டால், நேற்றுவரை ருசித்த மிளகாய்ப் பூ இன்று சீந்துவாரற்றுப் போகும்.

அந்த நடனத்தின் அர்த்தத்தைக் கண்டு சொன்னவர் மேற்சொன்ன ஃபிரிஷ்தான். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கூட்டின் இருட்டில் செங்குத்தான அடையின்மேல் தேனீ மேல்நோக்கி ஆடி ஓடினால் சூரியன் இருக்கும் திக்கு என்றும், சாய்ந்து ஓடினால் அவ்வளவு கோணம் விலகி என்றும் அர்த்தம். ஆட்டம் நீளும் நேரம் தூரத்தைச் சொல்கிறது. அவருடைய சீடரான மார்ட்டின் லிண்டாயர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் நாட்டு இனங்களை ஆராய்ந்தார். கொம்புத் தேனீ அடையின் தட்டையான மேற்பரப்பில் வெட்ட வெளிச்சத்தில் ஆடி, போகவேண்டிய திசையை நேராகவே சுட்டிக்காட்டுவதையும், ஒரே தூரத்தை ஒவ்வோர் இனமும் வெவ்வேறு அளவு ஆட்டத்தால் சொல்வதையும் அவர் கண்டறிந்தார். தூரம் போகாத இனம், சிறு தூரத்தையும் நீட்டி ஆடி நுட்பமாகச் சொல்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தைச் சேர்ந்தவர்களும் ஜெர்மானிய விஞ்ஞானிகளும் கூடித் தென்னிந்தியாவில் செய்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இதை மறுபடியும் உறுதி செய்தது.

தூரத்தைப் பற்றிய இவ்விஷயம் கரிசல் சம்சாரிக்கு நேரடியான முக்கியத்துவம் உடையது. மலைத் தேனீ பல கிலோமீட்டர் பறந்துவிடும். அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலேயே பிழைப்பை முடித்துக்கொள்கின்றன. ஆகவே மார்கழியில் மல்லிக்கு வரவேண்டிய தேனீ, மற்ற பதினொரு மாதமும் அதே காட்டின் சுற்றுப்புறத்திலேயே உயிர் பிழைத்திருக்க வேண்டும். மல்லிப் பூ ஒரு மாதத்துக்கு மேல் நில்லாது. மிச்சக் காலத்துக்குச் சோறு போடுவது நாம் களை என்று பெயரிட்டவைதாம்: வரப்புத் தும்பை, சூரியனைப் பார்த்து விரியும் நெருஞ்சி, வேலியோரத்துத் துளசி, இலந்தை. மது கிடைத்தால் மட்டும் போதாது. புழுக்களை வளர்க்க மகரந்தம் வேண்டும். அதிலும் ஒரே பூவின் மகரந்தத்தில் எல்லாப் புரதச் சத்தும் இருப்பதில்லை. சூரியகாந்தி மகரந்தம் பார்வைக்குப் பொன்னாக இருந்தும் சத்தில் குறைந்தது. பலவகைப் பூக்கள் கலந்த மகரந்தமே கூட்டைத் தேற்றும்.

வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்துச் சுட்டெரித்தாற்போல வைத்திருப்பதை நான் இப்போது எங்கும் காண்கிறேன். என் மனம் பதைக்கிறது. மல்லி பூக்கும் அதே நாட்களில் அசுவினியும் ஏறுவதால், மருந்து அடித்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம் சம்சாரிக்கு உண்டு என்பதை அறிவேன். ஆனால் காலை பத்து மணிக்கு, சந்தை கூடியிருக்கும் நேரத்தில் அடிப்பதற்கும், தேனீக்கள் கூடு திரும்பிய அந்தியில் அடிப்பதற்கும் உயிர்க்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் பரவிய புழுப்பை நோய், தென்னாட்டில் பெட்டிகளில் வளர்த்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறை அழித்தது. வைரஸால் வந்த அந்த அழிவிலிருந்து மீண்டு தேறிய இனத்தை நம் கையாலேயே மாய்ப்பது நியாயமாகுமா?

சித்திரையில் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். மல்லி பிடுங்கிய காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேம்பின் பூவும் உதிர்ந்துகொண்டிருந்தது. ரீங்காரம் கேட்ட திசையில் நடந்தபோது, எல்லோரும் சபிக்கிற சீமைக்கருவேல் ஒன்று மெல்லிய மஞ்சள் கதிர்களோடு நின்றது. அதில் தேனீ மொய்த்தது. நிலத்தடி நீரை உறிஞ்சி நம் புஞ்சைகளை விழுங்குகிற அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதை வேரோடு களைகிறவர்கள், அந்த இடத்தில் கோடையில் பூக்கும் புங்கத்தையும் வேம்பையும் நட்டுவிட்டுக் களையட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கிணற்றடியில் மூதாட்டி மாட்டுத் தொட்டியின் விளிம்பில் ஒரு பழைய சாக்கை நனைத்துப் போட்டிருந்தார். கூட்டின் உள்ளே 35 டிகிரிக்குமேல் உஷ்ணம் ஏறாமல் காக்க, தேனீக்கள் தண்ணீர் சுமந்து சென்று அடைமேல் தெளித்து விசிறும். அதற்காக அந்த ஈரச் சாக்கின்மேல் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. "தொட்டியில விழுந்து விழுந்து செத்துச்சுக, தம்பி. சாக்கப் போட்டேன், இப்ப உக்காந்து குடிக்குதுக" என்று சொல்லி, காய்ந்துவிட்ட ஒரு மூலையில் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தார்.